துட்டி வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர்

சங்கரன்கோவிலில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டுத் தொழிலில் இறங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது ஐஸ் பெட்டியின் விலையை. அதைக் கடைசியில் விசாரித்தால் போதும். பெட்டியும் நாற்காலியும் ஷாமியானாவும் பந்தல் கடைக்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கின்றன. பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊரில் மாலைக்கும் பல்லக்குப் பூவுக்கும் பஞ்சமில்லை. வேன்காரர் உண்டு, மேளக்காரர் உண்டு, சொன்ன கொஞ்ச நேரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடித்துத் தருகிறவரும் உண்டு. இல்லாத ஆள் ஒருவர்தான்: இத்தனை பேரையும் கூப்பிட்டு வேலை வாங்கி, காகிதங்களைப் பார்த்து, கடைசியில் ஒரே கணக்காகக் கொடுத்து, எது தவறினாலும் ‘என்னைக் கேளுங்கள்’ என்று முன்னால் நிற்கிறவர். இந்தத் தொழிலில் விலைபோகக்கூடிய சரக்கு அந்தப் பொறுப்புதான். சாமான் வாங்கிப் போட்டுத் தொடங்குகிறவர் பந்தல் கடைக்காரரோடு போட்டிக்கு நிற்கிறார். அவருக்குக் கல்யாண முகூர்த்தங்களின் வருமானம் இருக்கிறது, புதிதாக வருபவருக்கு இல்லை.

சொந்தபந்தம் இருக்கிற ஊரில் இதற்கென்று தனியாக ஓர் ஆள் எதற்கு என்பது முதலில் வரும் மறுப்பு. நியாயமான மறுப்பும்கூட. துட்டி என்று காதில் விழுந்ததும் மாமனும் மைத்துனரும் தெருக்காரர்களும் கூடிவிடுவார்கள். நீர்மாலைக்கு யார் போவது, கோடி யார் முதலில் போடுவது, கொள்ளிக்குடம் யார் தூக்குவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். காசு வாங்காமலும் செய்வார்கள். அது நன்றாக நடக்கிற வீட்டுக்கு நீங்கள் தேவையில்லை, அங்கே போய் நிற்கவும் வேண்டாம். ஆனால் அது நடப்பதற்கு முறை தெரிந்த பெரியவர் ஒருவரும் ஓடியாடுகிற இளவட்டம் நாலு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். விசைத்தறியும் மானாவாரி விவசாயமும் சோறு போட்ட இந்தச் சுற்றுவட்டாரத்தின் இளவட்டம் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறது. ஏறத்தாழ 600 கி.மீ. தள்ளிச் சென்னையில் இருக்கும் மகன் செய்தி கேட்டுக் கிளம்பி வீடு வந்து சேர ஒரு ராத்திரி முழுக்க ஆகிறது. அதுவரை வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும். பெட்டி வந்ததா, டாக்டர் பார்த்தாரா, மயானத்தில் சொல்லியாச்சா, யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று மகன் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பத்துப் பேருக்கு போன் போடுகிறார். அந்தப் பத்து போனுக்குப் பதிலாக ஒரே போன் போதும் என்றால் அதற்குக் காசு கொடுக்க அவர் தயங்க மாட்டார். மாமனும் வேலையாளாக ஓடாமல் மாமனாக உட்கார முடியும்.

பொறுப்பு என்றதும் சடங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பொறுப்பில் பாதி காகிதம். 1969-ம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டு தாண்டினால் நிர்வாக நடுவரின் உத்தரவு என்று அலைச்சல் கூடிக்கொண்டே போகும். எந்த ஊரில் உயிர் பிரிந்ததோ அங்கேதான் பதிவு. திருநெல்வேலி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இறந்தவருக்குச் சங்கரன்கோவில் நகராட்சியில் சான்றிதழ் கிடைக்காது. இது தெரியாமல்தான் பலர் வீண் நடை நடக்கிறார்கள். வீட்டில் இறந்தால் தெரிவிக்க வேண்டிய கடமை குடும்பத் தலைவருக்கு. நகராட்சிக்குள் என்றால் நகராட்சி அலுவலகம், கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலர். கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டர் இறப்புக்கான காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டும், அதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. இங்கே ஏற்பாட்டாளர் செய்ய வேண்டிய சின்ன வேலை ஒன்று பெரிய வேலையை மிச்சப்படுத்தும்: படிவத்தில் எழுதும் பெயரை ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் மூன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஆதாரில் கோமதியம்மாள், பட்டாவில் கோமதி, பாஸ்புக்கில் இனிஷியல் வேறு என்றிருக்கும் வீடுகள் இந்த ஊரில் ஏராளம். அன்றைக்கே அதைக் கவனிக்காமல் விட்டால், வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம் போகிற நாளில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு வகைச் சாவு இருக்கிறது; ஏற்பாட்டாளர் எப்படிப்பட்டவர் என்பது அதில் தெரிந்துவிடும். விபத்து, தூக்கு, விஷம், சந்தேகம் எதுவானாலும் போலீஸுக்குத் தகவல் போக வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ம் பிரிவுப்படி விசாரணையும், தேவைப்பட்டால் பிரேதப் பரிசோதனையும் நடக்கும். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் பெண் இப்படி இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை உண்டு. விவசாய ஊரில் பூச்சிமருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘நெஞ்சுவலின்னு சொல்லிட்டு இருட்டுறதுக்குள்ள எடுத்துருவோம்’ என்று யாராவது காதோடு காதாகச் சொல்வார்கள். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. மானத்துக்குப் பயந்தவராக இருப்பார். அதற்கு நீங்கள் பெட்டியையும் வேனையும் கொடுத்து உதவினால், சாட்சியத்தை மறைத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 238-ம் பிரிவு உங்கள் மேலும் பாயலாம். குடும்பத்துக்கும் நஷ்டம்: பரிசோதனை அறிக்கை இல்லாமல் விபத்துக் காப்பீடும் இழப்பீடும் வாங்குவது பெரும்பாடு. ஆகவே இந்த இடத்தில் ஏற்பாட்டாளர் சொல்ல வேண்டியது முடியாது என்பதுதான், அதையும் குரலை உயர்த்தாமல். கூடவே நேரத்தையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். வசதியுள்ள மருத்துவமனைகளில் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2021 நவம்பர் 15-ல் அறிவித்தது. ஆனால் கொலை, தற்கொலை, சந்தேக மரணம் போன்றவற்றுக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. சாயங்காலம் தூக்கில் இறந்தவரின் உடல் மறுநாள்தான் கைக்கு வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க நடக்கிற சண்டை குறையும்.

வளைகுடாவில் இறந்தவரைக் கொண்டுவருவது இந்தப் பகுதியில் அடிக்கடி தேவைப்படும் வேலை, ஆள் மிகக் குறைவாகவே தெரிந்துவைத்திருக்கும் வேலையும் அதுதான். அங்கே வேலை கொடுத்தவரும் இந்தியத் தூதரகமும் சேர்ந்து இறப்புச் சான்றிதழ், தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், எம்பாமிங் சான்று ஆகியவற்றை முடிக்க வேண்டும். இந்தியாவுக்குள் உடல் வருவதற்கான சுகாதார அனுமதிக்கு 2023 ஆகஸ்டில் மத்திய அரசு இ-கேர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. உடல் பயணிகள் வெளியே வரும் வாசல் வழியாக வராது, சரக்குப் பிரிவில் வந்து இறங்கும். குடும்பத்தார் தவறான வாசலில் காத்திருக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. திருவனந்தபுரத்தில் இறங்கினால் ஆரியங்காவு, புளியரை, செங்கோட்டை, தென்காசி வழி. மதுரை என்றால் ராஜபாளையம் வழி. சென்னையில் இருக்கும் அயலகத் தமிழர் நலத்துறை ஆணையரகம் இதில் உதவுகிறது என்பதும் பல குடும்பங்களுக்குத் தெரியாது. எம்பாமிங்கை நீங்கள் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் பக்கம் அது மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் துறை பார்க்கும் வேலை.

உடலைக் கையாளுவதில் தெரிந்திருக்க வேண்டியவை அதிகமில்லை, ஆனால் நேரம் தவறினால் திருத்த முடியாதவை. இறந்து இரண்டு முதல் நாலு மணி நேரத்தில் விறைப்பு தொடங்கி, பன்னிரண்டு மணி நேர அளவில் உடல் முழுக்கப் பரவிவிடும். நம் வெயிலில் இன்னும் சீக்கிரம். கண்ணை மூடுவது, நாடிக்கட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவது, கையை நேராக்குவது எல்லாம் அதற்கு முன்னால். ஐஸ் பெட்டியை முன்கூட்டியே ஓடவிட்டுக் குளிரவைத்த பிறகே உடலை உள்ளே வைக்க வேண்டும். பழைய தறிவீடுகளில் ஒரே பிளக்கில் பெட்டியும் ஃபேனும் மைக் செட்டும் மாட்டினால் ஃபியூஸ் போகும். வீட்டு இன்வெர்ட்டரை நம்ப முடியாது, ஜெனரேட்டருக்குச் சொல்லிவைப்பதுதான் புத்தி. ஆளுக்கு ஆள் மூடியைத் திறந்து மாலை போட்டுக்கொண்டே இருந்தால் பெட்டி குளிராது. இதை வீட்டாரிடம் சொல்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும், ‘மாலையை மேலே வைங்கம்மா, முகம் தெரியும்’ என்றால் கேட்பார்கள். நகை கழற்றும்போது வீட்டுப் பெண்கள் இருவராவது பக்கத்தில் இருக்க வேண்டும்; என்னென்ன, யார் கையில் கொடுத்தது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எரிவாயு தகன மேடைக்குப் போகும் உடலில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்பதை மறக்கக் கூடாது. அதன் பேட்டரி சூட்டில் வெடிக்கும், மருத்துவர் உதவியோடு முன்பே எடுத்துவிட வேண்டும். கண் தானம் என்றால் ஆறு மணி நேரத்துக்குள். மூடிய கண்ணின் மேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, ஃபேனை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குச் சொன்னால் அவர்களே வருவார்கள். உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று தமிழக அரசு 2023 செப்டம்பர் 23-ல் அறிவித்தது. அந்த வீட்டுக்கு அதிகாரிகள் வருவார்கள், எடுக்கும் நேரத்தை அவர்களோடும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

இனி, பிணத்தை வைத்துப் பணம் பண்ணுவதா என்ற கேள்வி. 2022 நவம்பரில் டெல்லி வர்த்தகக் கண்காட்சியில் மும்பையின் சுகாந்த் என்ற இறுதிச் சடங்கு நிறுவனம் பாடையோடு கடை விரித்ததும், அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றி, சாவிலும் மெம்பர்ஷிப்பா என்று கேலி பறந்தது. கேலி செய்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். துட்டி வீட்டில் இப்போதும் பணம் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. அழுதுகொண்டிருக்கிறவன் பேரம் பேச மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், வேனுக்கும் பூவுக்கும் மற்ற நாளில் இல்லாத விலை வந்து நிற்கிறது. பிற நாடுகள் இதே சிக்கலைப் பார்த்து எடுத்த முடிவு விலையை வெளியே கொண்டுவருவது. அமெரிக்காவில் 1984 முதல், இனம் வாரியான விலைப்பட்டியலைக் கையில் கொடுக்கவும் போனில் கேட்டாலும் விலை சொல்லவும் இறுதிச் சடங்கு நிறுவனங்கள் கடமைப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் 2021-ல் வந்த உத்தரவு, விலைப்பட்டியலைக் கடையிலும் இணையதளத்திலும் ஒரே மாதிரி வடிவத்தில் வைக்கச் சொல்கிறது. இத்தனைக்கும் இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு உரிமமே தேவையில்லை. நம்மிடமும் உரிமம் இல்லை, விலை உத்தரவும் இல்லை. ஆகவே அதை நீங்களாகவே செய்துகொள்ள வேண்டும். உங்கள் ஏற்பாட்டுக் கட்டணம் தனி வரி. பூக்காரர், வேன்காரர், மேளக்காரர் வாங்குவது அவரவர் பில்லோடு தனித்தனி வரி. பூக்காரரிடம் பின்கையால் கமிஷன் வாங்கினால் இந்தத் தொழிலுக்கான நியாயமே போய்விடும். விலையை அழுகிற மகனிடம் பேசாமல், நிதானத்தில் இருக்கும் சித்தப்பாவிடமோ மருமகனிடமோ பேசி, வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பிவிட வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கும், 108 உடலை ஏற்றாது என்ற இரண்டையும், உங்களிடம் சொந்த வேன் இருந்தாலும், முதலில் சொல்லிவிடுங்கள். வேன் வாடகை போகும். அடுத்த தெருவில் உங்கள் பெயர் நிற்கும். வரி பற்றி ஒரு வார்த்தை: இறுதிச் சடங்கு, அடக்கம், தகனம், உடலை எடுத்துச் செல்லுதல் ஆகிய சேவைகள் 2017-ம் ஆண்டின் ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வருவதால் அவற்றுக்கு வரி இல்லை. பந்தல், நாற்காலி வாடகையைத் தனி வியாபாரமாகச் செய்பவர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விடக் கனமான மறுப்பு சாதியைப் பற்றியது. குழி வெட்டவும் எரிக்கவும் மேளம் அடிக்கவும் ஊர் ஊராய்ப் போய்ச் சேதி சொல்லவும் சில சாதிகளைப் பிறப்பாலேயே கட்டிப்போட்ட வழக்கம் நம்முடையது. அந்த வீடுகளிலிருந்து படித்து வெளியே வந்த பிள்ளையிடம் இந்தத் தொழிலைப் பற்றிப் பேசினால், எங்கள் அப்பா எதை உதறிவிட்டு ஓடினாரோ அதற்கே திரும்பவா என்று கேட்பார். மற்ற சாதிப் பிள்ளை, பெண் யார் கொடுப்பார்கள் என்று கேட்பார். இரண்டும் உண்மையான கேள்விகள், சமாதானம் சொல்லி மழுப்ப முடியாதவை. இறந்தவருக்கும் கண்ணியம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1995-ல் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி மறிக்கப்பட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க வேண்டியிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் சென்னையிலேயே கூட்டம் கல்லெறிந்தது. ஏற்பாட்டாளர் இந்த நிலைமைக்கு வெளியே நின்று தொழில் செய்ய முடியாது. இறந்தவர் வீட்டில் பெரிய தொகை வாங்கிக்கொண்டு, குழி வெட்டுகிறவருக்கு வழக்கம்போல வாய்க்கரிசிக் காசையும் ஒரு குவார்ட்டரையும் கொடுப்பவர், பழைய அநியாயத்தில் ஒரு தரகரைச் சேர்த்திருக்கிறார், அவ்வளவே. அப்படி ஒரு தொழிலை இந்த நூல் பரிந்துரைக்காது. மயான வேலைக்கு எழுதி வைத்த கூலி, அன்றைக்கே பட்டுவாடா, கையுறை, பூட்ஸ், ‘ஏலே’ போடாமல் பெயரும் மரியாதையும், அந்த வேலைக்கு எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இவ்வளவும் இருந்தால்தான் முதல் பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கவே முடியும். பெண்கள் வரலாமா என்று தயங்குவோர் சென்னை அண்ணா நகர் வேலங்காடு மயானத்தைப் பார்க்கலாம். ஐ.சி.டபிள்யூ.ஓ. தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் பிரவீணா சாலமன் அதை நிர்வகித்தபோது ஆரம்பத்தில் மிரட்டல்கூட வந்தது. மயானம் சுத்தமானது, ஆட்கள் பழகிவிட்டார்கள். இறந்தவர் பெண்ணாக இருக்கும் வீட்டில், குளிப்பாட்டி உடுத்தும் நேரத்தில், பெண் ஏற்பாட்டாளர் உள்ளே நிற்க முடியும் என்பது குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல்.

உங்கள் எல்லை எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் வீட்டில் ஜமாஅத்தே கஃபன் துணி முதல் கபர் வரை பார்த்துக்கொள்ளும். கேட்டால் மட்டும் வண்டி, காகிதம். கிறிஸ்தவ வீட்டில் சபையும் பெட்டி செய்யும் ஆசாரியும் இருக்கிறார்கள். இந்து வீடுகளில் சாதிக்குச் சாதி, ஏன் தெருவுக்குத் தெருவே முறை மாறும்: எரிப்பதா புதைப்பதா, மறுநாள் காடாத்தா மூன்றாம் நாளா, பதினாறா முன்னாடியேவா, சனிக்கிழமை சாவுக்குக் கோழிக்குஞ்சு கட்டுவதா. இதில் உங்கள் அபிப்பிராயம் எதுவும் வேண்டாம். வீட்டுப் பெரியவரைக் கேட்டு நோட்டில் எழுதி, அதன்படி சாமானும் ஆளும் வரச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வருமானம் கட்டுப்படியாகுமா? தமிழ்நாட்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டில் ஆறிலிருந்து ஏழு பேர் இறக்கிறார்கள். டவுனும் சுற்றியுள்ள கிராமங்களும் சேர்ந்து ஒரு லட்சம் பேர் என்று எடுத்துக்கொண்டால், ஆண்டில் 600 முதல் 700 சாவு. அதில் பத்தில் ஒரு வீடு உங்களைக் கூப்பிடுகிறது என்றால் மாதத்துக்கு ஐந்தோ ஆறோ. முதல் ஆண்டில் அதுவும் வராது. ஆகவே கையில் இருக்கும் தொழிலை விட்டுவிட்டு இதில் குதிக்க வேண்டாம். பூக்கடை, ஆம்புலன்ஸ் ஓட்டும் வேலை, இ-சேவை மையம் போன்றவற்றில் இருப்பவருக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே கைவந்தது. உடலையும் உடன் வரும் துக்கத்தாரையும் மட்டுமே ஏற்றும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ம் பிரிவில் பெர்மிட் விலக்கு உண்டு. ஆனால் பதிவு, எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றுக்கும் விலக்கு கிடையாது. வண்டியை இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம். பிரதம மந்திரி வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் சேவைத் தொழில்களுக்கு 20 லட்சம் ரூபாய் வரையான திட்டங்கள் வரும் என்றாலும், மாதம் ஐந்து சாவை நம்பித் தவணை கட்டுவது நிம்மதியான ஏற்பாடு ஆகாது. தனி ஆளாகவும் தொடங்க வேண்டாம். போன் ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், ஒரே நாளில் இரண்டு துட்டி விழும், ஒருவர் ஹைகிரவுண்டில் காகிதத்துக்கு நிற்கும்போது இன்னொருவர் வீட்டில் இருந்தாக வேண்டும். ஆடித்தபசுத் திருவிழா நாளில் ரதவீதிகளில் கூட்டத்துக்குள் வண்டி நகராது. அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் துட்டி விழுந்தால் எந்தத் தெரு வழியாக எடுப்பது என்பதைப் போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே கேட்டு, இருவரும் குறித்துவைத்திருக்க வேண்டும்.